நீலமழையைப் பெயர்த்த நாள்

ஃபோல்கர் எழுதித்தான் கொடுத்தான். எழுதாமல் அவன் எதையும் செய்ததில்லை. நாங்கள் சேர்ந்து வாழ்ந்தபோது பாத்திரம் கழுவும் முறைகூட ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணையாகத் தொங்கியது. விவாகரத்து முடிந்த மறுவாரம் தோட்டத்தில் நான் வளர்த்த கொடியைக் கேட்டேன். ஒரு முழுப் பக்கத்தை நீட்டினான். பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை, அந்த ஒரே நாள். இயந்திரம் எதுவும் தோட்டத்துக்குள் வரக் கூடாது. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. குழியை மூடிச் சமன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தெருவின் அமைதி நேரத்தை மதிக்க வேண்டும். ஆறு மணிக்குக் கொடி தோட்டத்தில் இருந்தால் அது வீட்டோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் வாயே திறக்கக் கூடாது.

"உன்னால முடிஞ்சா எடுத்துட்டுப் போ, அன்னெக்ரெட்," என்று சிரித்தான். "பதினாலு வருஷக் கொடி. அதுக்கு அடியில எங்கப்பா கொட்டின செங்கல்லும் கரிச்சாம்பலும் ரெண்டடிக்கு இருக்கு. நீ மத்தியானத்துக்குள்ள உக்காந்து அழப்போற. நான் காபி குடிச்சுக்கிட்டே பாக்கப்போறேன்."

நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் ஏறியது.

ஜெர்மனியின் ஹெர்னெ நகரத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அது. அவன் அப்பாவின் வீடு. ஆகவே வீடு அவனுக்கு, மண்ணில் வேர் விட்டதெல்லாம் மண்ணோடு. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சோபா வேண்டாம், டிவி வேண்டாம், கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் அவன் தலையில் விழட்டும். விஸ்டீரியா என்கிற அந்த நீலமழைக்கொடி மட்டும் எனக்கு வேண்டும்.

ரயில் நிலையத்துச் சுவரில் படர்ந்திருந்த கொடியிலிருந்து வெடித்து விழுந்த ஒரு விதை. தபால் கொடுக்கப் போனவள் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். காபி டப்பாவில் முளைக்க வைத்தேன். ஃபோல்கர் அன்றைக்கே சொன்னான். "கடையில ஒட்டுச்செடி வாங்கு, மூணாவது வருஷம் பூக்கும். விதையிலேர்ந்து வளத்தா நீ பென்ஷன் வாங்குற அன்னைக்குத்தான் பூக்கும்." அவன் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். தெருவில் மற்ற வீட்டுச் சுவர்களில் மே மாதம் ஊதாக் கொத்துகள் முழ நீளத்துக்குத் தொங்கும். எங்கள் சுவரில் இலை, இலை, மறுபடியும் இலை. அடிமரம் என் முன்னங்கை அளவுக்குத் தடித்தது, பின்சுவர் முழுவதும் ஏறியது, கூரைத் தண்ணீர்க் குழாயை இரண்டு முறை வளைத்தது. ஒரு பூ? ம்ஹூம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம், அவன் அலுவலகத்து ஆட்களைக் கூப்பிட்டுத் தோட்டத்தில் கறி சுட்டான். ஒரு கையில் பீர், இன்னொரு கையில் இடுக்கி. யாரோ கொடியைப் பார்த்து "இது பூக்குமா?" என்று கேட்டார்கள். "எங்க வீட்ல பூக்காதது ரெண்டு இருக்கு," என்றான். "ஒண்ணு சுவத்துல. இன்னொண்ணு அதோ, உருளைக்கிழங்கு சாலட்டைத் தூக்கிக்கிட்டு வருது." சிரித்தார்கள். மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியவள் நான். சாலட்டை மேசையில் வைத்தேன், கரண்டியைப் போட்டேன், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். ஐந்து வருஷம் தாமதித்தது என் முட்டாள்தனம். வேறு யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் ரோஸ்விட்டாவோடு போய் இறங்கினேன். ரோஸ்விட்டா ஃபோல்கரின் அக்கா. அறுபத்து மூன்று வயது. முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். "அவன் என் தம்பி. அதனாலதான் நான் உன் பக்கம். அவனப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவு யாருக்குத் தெரியும்?" என்பாள். யாரிடமோ கேட்டு வாங்கிய ட்ரெய்லரைத் தன் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். தார்ப்பாய், சணல் சாக்கு, கயிறு, இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, ஒரு கை ரம்பம், ஒரு ஏணி, முட்டை சாண்ட்விச் எட்டு.

ஃபோல்கர் சொன்னபடியே செய்தான். மடக்கு நாற்காலியைப் புல்லில் போட்டு, காலில் போர்வை சுற்றி, பக்கத்தில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்துவிட்டான்.

"குட்மார்னிங் பொண்ணுங்களா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வைக்கட்டுமா?"

"சொல்லி வை," என்றாள் ரோஸ்விட்டா. "உனக்குத்தான் தேவைப்படும். இந்தக் குளிர்ல இப்படி உக்காந்திருந்தா மூலம் வரும்."

அடிமரத்திலிருந்து இரண்டடி தள்ளி வட்டம் போட்டுத் தோண்ட ஆரம்பித்தோம். மேல் மண் ஒரு சாண். அதற்குக் கீழே அவன் சொன்னது போலவே செங்கல் துண்டு, கரிச்சாம்பல், துருப்பிடித்த கட்டில் ஸ்பிரிங் ஒன்று, பீங்கான் கழிப்பறைத் தொட்டியின் பாதி. மாமனார் எதையும் குப்பை வண்டிக்குக் கொடுத்ததில்லை போல. கடப்பாரையால் நெம்பினேன், ரோஸ்விட்டா கையால் பொறுக்கி வெளியே எறிந்தாள். ஒவ்வொரு துண்டுக்கும் ஃபோல்கர் ஒரு வாழ்த்துச் சொன்னான். தோள்பட்டை எரிந்தது. தபால் வேலையில் இருபத்தாறு வருஷம் பார்சல் தூக்கிய தோள்பட்டை, கொஞ்சம் எரிந்தால் எரியட்டும்.

பத்து மணி வாக்கில் ஒரு விஷயம் விசித்திரமாகப் பட்டது. தடித்த வேர்கள் குறுக்கே வரும் என்று ரம்பத்தோடு காத்திருந்தேன். வரவில்லை. பாதி வட்டத்துக்கு வேர்கள் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தன. வெட்டிய முனைகளிலிருந்து மெல்லிய வேர்கள் கற்றை கற்றையாகக் கிளம்பியிருந்தன.

"யாரு வெட்டினது இத?"

ரோஸ்விட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நான் இங்க கேக் சாப்பிட வருவேன்ல?" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "ரெண்டு துண்டு தின்னுட்டு அவன் சோபாவுல சாஞ்சிடுவான். அந்தக் குறட்டையில மண்வெட்டி சத்தம் யாருக்குக் கேக்கும்? நீ போன வருஷம் ஏப்ரல்ல சொன்னேல்ல, போனா கொடியோடதான் போவேன்னு? அடுத்த வாரமே ஆரம்பிச்சேன். ஒரு வாரம் ஒரு வெட்டு. ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளியத் தயார் பண்ண வேணாமா?"

அவளைக் கட்டிக்கொண்டேன். கையெல்லாம் சேறு, அவள் முதுகெல்லாம் சேறு.

"என்ன அங்க கொஞ்சல்?" என்றான் ஃபோல்கர்.

"தோத்துட்டோம்னு அழுறோம்," என்றாள் அவள்.

பன்னிரண்டரைக்கு மூன்று பக்கமும் வெட்டி முடித்து அடியில் நுழைந்தோம். அப்போதுதான் அவன் முகம் மாறியது. காபி போதும் என்று எழுந்தான், குழியைச் சுற்றி வந்தான். புல்வெளி நாசமாகிவிட்டது என்றான், சுவர் இடிந்தால் யார் பொறுப்பு என்றான். போகப் போகக் குரல் ஏறியது. "பைத்தியக்காரிங்களா! பத்தாவது நிமிஷம் அது செத்துடும்! ஒரு செடியக்கூட உசுரோட வச்சிருக்கத் தெரியாதவ நீ!" என்று தெருவே கேட்கும்படி கத்தினான்.

"ஃபோல்கர்!"

பக்கத்து வேலிக்கு மேலே ஒரு வெள்ளைத் தலை. விஷ்னெவ்ஸ்கி அம்மா. எண்பத்தொரு வயது. அந்தத் தெருவின் மதிய அமைதி அந்த அம்மாவின் சொத்து. மதியம் ஒன்றரைக்குப் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிய ஒருவன் மேல் நகராட்சிக்கு எழுதிப் போட்டவர். அவருக்குப் பயந்து அந்த நேரத்தில் தெருவில் யாரும் போர்வையைக்கூட உதறுவதில்லை.

"மணி என்ன ஃபோல்கர்?"

"அம்மா, இவங்க ரெண்டு பேரும்..."

"மணி என்னன்னு கேட்டேன்."

"ஒண்ணு... ஒண்ணு அடிச்சு ரெண்டு நிமிஷம்."

"அப்ப எதுக்குத் தொண்டையக் கிழிக்கிற? அவங்க ரெண்டு பேரும் எலி மாதிரி சத்தமில்லாம வேலை பாக்குறாங்க. சத்தம் போடறது நீ. மூணு மணி வரைக்கும் உன் குரல் எனக்குக் கேக்கக் கூடாது."

மதிய அமைதி எங்களை நிறுத்தும் என்றுதான் அவன் அதைக் காகிதத்தில் எழுதினான். மண்வெட்டிக்குச் சத்தம் இல்லை என்பதை மறந்துவிட்டான். சத்தம் முழுவதும் தன்னிடம்தான் என்பதை அவன் ஐம்பத்தொன்பது வருஷத்தில் ஒரு தரமும் யோசித்ததில்லை. அதன் பிறகு அவன் எங்களைக் கிசுகிசுப்பாகத்தான் திட்ட முடிந்தது. குழியின் விளிம்பில் குந்திக்கொண்டு, வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "வேரு எல்லாம் போச்சு, பாரு, பாரு," என்று சீறினான். ரோஸ்விட்டா சிரிப்பை அடக்க முடியாமல் கையுறையைக் கடித்துக்கொண்டாள்.

விஷ்னெவ்ஸ்கி அம்மா மட்டும் போகவில்லை. வேலியில் கையூன்றிக் கொடியை மேலும் கீழும் பார்த்தார்.

"மேல எப்ப வெட்டப்போற?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"வெட்டல. அப்படியே சுருட்டி எடுத்துட்டுப் போறேன். பதினாலு வருஷம் வளந்தது."

"அடி அசடு! பாதி வேர் போயிடுச்சு. மிச்சமிருக்கிற வேரு இவ்வளவு பெரிய உடம்புக்கு எப்படித் தண்ணி குடுக்கும்? இடுப்பு உயரத்துக்கு வச்சுட்டு மிச்சத்த வெட்டு. இன்னைக்கே வெட்டு. மார்ச் பொறந்தாச்சுன்னா பறவை கூடு கட்டும்னு அக்டோபர் வரைக்கும் கத்தரியத் தொட விட மாட்டாங்க."

இத்தனை நாள் யோசித்தும் இது எனக்குத் தோன்றவில்லை. முழுசாக எடுத்துப் போக வேண்டும் என்ற பிடிவாதம் கண்ணை மறைத்துவிட்டது. ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்து, அந்த அம்மா நீட்டிய கிளை வெட்டும் கத்தரியோடு ஏறினேன். முதல் கிளையைப் பிடித்தேன். அதில் மொட்டுகள் இருந்தன. எப்போதும் பார்க்கும் ஒல்லி மொட்டுகள் இல்லை. பருத்து, உருண்டு, மேலே சாம்பல் நிறத்தில் மென்மையான ரோமத்தோடு, கிளைக்கு ஐந்தாறு.

"அம்மா," என்றேன். "இது என்ன மொட்டு?"

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

"பூ," என்றார். "ஒல்லியா இருந்தா இலை. இந்த மாதிரி கொழுத்திருந்தா பூ. போன வருஷம் வேர யாராவது வெட்டினாங்களா? சாகப்போறோம்னு பயம் வந்தா இதுங்க அவசர அவசரமாப் பூக்கப் பாக்கும். மே மாசம் சுவரே தெரியாது."

ரோஸ்விட்டா மண்வெட்டியைக் கீழே போட்டாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் ஏணியில் நின்றபடி எண்ண ஆரம்பித்து, அறுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

ஃபோல்கர் ஏணிக்குக் கீழே வந்து நின்றான். அண்ணாந்து பார்த்தான். கிசுகிசுப்பாகத்தான் பேசினான், மணி இரண்டுகூட ஆகவில்லை. "அன்னெக்ரெட். இறங்கு. இத விட்டுடு. இவ்வளவு வருஷம் காத்திருந்துட்டு இப்பப் போய் வெட்டுவியா? மண்ணத் திருப்பிப் போட்டு மூடிட்டா பொழைச்சுக்கும். மே மாசம் வா. நான் மேசை போடுறேன். காபி போடுறேன். நீ உக்காந்து பாரு. ஆசை தீரப் பாரு."

இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அவன் என்னிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்கு ஆசை வந்தது. அந்தச் சுவர் முழுக்க ஊதாவாகத் தொங்குவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. இந்த மொட்டுகளை வெட்டினால் அடுத்து எப்போது பூக்கும்? ஐந்து வருஷமா, பத்து வருஷமா, பூக்கவே பூக்காதா, யாருக்குத் தெரியும். விட்டுவிட்டுப் போனால் இன்னும் பத்தே வாரம்.

"அவன் சொல்றது..." என்று ரோஸ்விட்டா ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மேலே நின்றபடி அவன் தலையைப் பார்த்தேன். வழுக்கை விழுந்த அந்த வட்டத்தைப் பார்த்தேன். மே மாதம் இவன் யார் யாரைக் கூப்பிடுவான், எந்த இடத்தில் நாற்காலி போடுவான், என்ன சொல்லிச் சிரிப்பான் எல்லாம் எனக்குத் தெரிந்தது. அவ போனதும் பூத்துடுச்சு பாத்தீங்களா என்பான். கையில் பீரோடு சொல்வான்.

கத்தரியை வைத்து முதல் கிளையை வெட்டினேன். மதிய அமைதியில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. கிளை அவன் காலடியில் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று சீறினான். "அத்தனையும் பூ! பூவுடி! எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு வெட்டுறியா?"

அப்போது நான் பேசினேன். கிசுகிசுக்கவில்லை. ஏணியின் உச்சியிலிருந்து, கடைசி வீடு வரைக்கும் கேட்கிற குரலில் பேசினேன்.

"பூவுக்குக் காத்துக்கிட்டிருந்தது நீ! நான் தண்ணி ஊத்தினது பூவுக்காக இல்ல. எனக்கு அது வேணும், அவ்வளவுதான்! பூத்தாலும் வேணும், பூக்காட்டியும் வேணும்! கறி சுட்ட அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி என்ன சொன்ன? உன் வீட்ல பூக்காதது ரெண்டு இருக்குன்னு சொன்ன. மறந்துட்டியா? நான் மறக்கல! அந்த ரெண்டும் இன்னைக்குக் கிளம்புது! வழிய விடு!"

எதிர்வரிசையில் ஒரு ஜன்னல் திறந்தது. இன்னொன்று திறந்தது. ஃபோல்கர் சட்டென்று வேலிப் பக்கம் திரும்பினான்.

"அம்மா! கேட்டீங்கல்ல? மணி ரெண்டுகூட ஆகல! சத்தம் போடறா!"

விஷ்னெவ்ஸ்கி அம்மா மணிக்கட்டைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கம்பளிக் கையை இழுத்து அதன் மேல் விட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார்.

இடுப்பு உயரத்துக்கு வெட்டி முடித்து இறங்கினேன். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைத்துக்கொண்டே ஆணிவேரை ரம்பத்தால் அறுத்தேன். அதன் பிறகு ரோஸ்விட்டா பொறுப்பெடுத்துக்கொண்டாள். எழுந்திருக்க முடியாத நோயாளியைப் போர்வையில் புரட்டி எடுக்கிற முறை அவளுக்கு அத்துப்படி. வேர்மண்ணை ஒரு பக்கம் சாய்த்து, அடியில் சுருட்டிய தார்ப்பாயைத் திணித்து, மறுபக்கம் சாய்த்து, தார்ப்பாயை விரித்து இழுத்தோம். ஒட்டுமொத்தமாக மேலே வந்தது. ஃபோல்கரின் தோட்டத்துப் பாதையில் நான்கு படிகள். விஷ்னெவ்ஸ்கி அம்மா தன் வேலிக் கதவைத் திறந்துவிட்டார். அவர் பக்கம் சமதளம். ட்ரெய்லர் வரைக்கும் இழுத்தோம், பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி.

குழியை மூடினோம். மாமனாரின் கழிப்பறைத் தொட்டி உட்பட அத்தனையும் உள்ளே போட்டு, மேலே மண்ணைத் தள்ளி, மிதித்துச் சமன் செய்தோம். வெட்டிய கிளைகளை நான் எடுக்கவில்லை. காகிதத்தில் அது இல்லை. நாலு மணி இருபது.

"கையெழுத்துப் போடுடா," என்று ரோஸ்விட்டா தம்பியிடம் காகிதத்தை நீட்டினாள். "நேரத்துக்குள்ள எடுத்தாச்சு, குழி மூடியாச்சுன்னு எழுது. எழுதாம நீ எதையும் செய்ய மாட்டியே."

எழுதினான். வேறு என்ன செய்வான்.

ஊரின் மறுகோடியில் எனக்கு வாடகைக்குக் கிடைத்த தரைத்தள வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு ஆறடி மண். இருட்டுவதற்குள் கொடியை நட்டு, சுவரில் கம்பி கட்டி, எட்டு வாளி தண்ணீர் ஊற்றினோம். மார்ச்சில் ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரலில் ஒன்றும் நடக்கவில்லை. மே மாதம் ஹெர்னெ முழுக்க நீலமழை கொட்டியது. தபால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போனேன், ஒவ்வொரு சுவரிலும் ஊதா. வலித்தது. ஒரு வீட்டு வாசலில் தபாலைப் போடாமல் நின்றே விட்டேன். என் வீட்டில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மொட்டைக் கட்டை.

அந்த வாரம்தான் ஃபோனில் ஃபோல்கரிடமிருந்து செய்தி வந்தது. "பூத்துச்சா?" பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி. நான் பதில் போடவில்லை. தினமும் காலையில் கட்டையில் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பேன். பட்டைக்குக் கீழே பச்சை இருக்கும். தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போவேன்.

ஜூலை எட்டாம் தேதி, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு தளிர் வந்தது. செம்பு நிறம், சுண்டு விரல் நகத்தளவு. மண்டியிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தேன். அதற்குப் பிறகு ஃபோனை எடுத்து, இரண்டு மாதம் கழித்து ஃபோல்கருக்குப் பதில் போட்டேன்.

"பூக்கல. எங்கிட்ட இருக்கு."